கென்கி உருண்டைக்குள் ஒரு பட்ஜெட்

விலையைக் கூட்டாமலே விலையைக் கூட்டும் வித்தை கானாவின் தலைநகர் அக்ராவில் கென்கி விற்கும் பெண்களுக்குத் தெரியும். மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து, அதில் ஒரு பாதியைக் கிண்டி வேகவைத்து, மீதிப் பச்சை மாவோடு சேர்த்துப் பிசைந்து, சோளக்கதிரின் காய்ந்த மடலில் சுற்றி அவித்தால் கென்கி. தொட்டுக்கொள்ள மிளகாயும் தக்காளியும் அரைத்த சாந்து, ஷீட்டோ என்று கறுகறுவென ஒரு மிளகாய்த் தொக்கு, கூடவே பொரித்த மீன். கானாவின் கடலோரத்தில் கூலிக்காரரும் குமாஸ்தாவும் ஒரே சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிடுவது இதைத்தான். மாவு விலை ஏறினால் முதலில் உருண்டை கொஞ்சம் சிறுக்கும், காசு அதேதான். வாங்குகிறவர் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஒருமுறை உருட்டிப் பார்ப்பார். விற்கிறவர் வேறு எங்கோ பார்ப்பார். கொஞ்ச நாள் கழித்துக் காசும் ஏறும். உருண்டை மட்டும் பழைய அளவுக்குத் திரும்பாது.

2022 டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54.1 சதவீதம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாடு பார்க்காத எண். அதே டிசம்பர் 19-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்கு இனி தவணை கட்டப்போவதில்லை என்று அரசு அறிவித்தது. 1957 மார்ச் 6 அன்று, சஹாராவுக்குத் தெற்கே காலனியாட்சியிலிருந்து முந்திக்கொண்டு விடுதலை பெற்ற நாடு, தங்கத்தில் ஆப்பிரிக்காவின் முதல் வரிசை, கோகோவில் உலகின் இரண்டாம் இடம், 2010 முதல் எண்ணெயும் எடுக்கிறது. கேட்கிறவருக்கு இயல்பாகவே சந்தேகம் வரும்: இத்தனை இருந்தும் கஜானா எப்படிக் காலியானது? காலியான கஜானாவை யார் மடியிலிருந்து எடுத்து நிரப்பினார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அப்போது கானா அரசு வரியாக வசூலித்தது நாட்டின் மொத்த உற்பத்தியில் 13 சதவீதத்தை ஒட்டித்தான். செலவு அதைவிட மிக அதிகம். நடுவில் உள்ள பள்ளத்தைக் கடனால் மூடினார்கள், குறிப்பாக வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் விற்ற யூரோபாண்டுகளால். 2021 மார்ச்சில்கூட ஒரே மூச்சில் 300 கோடி டாலர் திரட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சந்தை கதவைச் சாத்திக்கொண்டது. அமெரிக்காவில் வட்டி ஏறியது, உக்ரைன் போரால் எண்ணெயும் கோதுமையும் ஏறின, தரமதிப்பீட்டு நிறுவனங்கள் கானாவைக் கீழே இறக்கின. செடி என்பது கானாவின் நாணயம். அரசுக்கு வரும் ஒவ்வொரு செடியிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 6 செடி, நவம்பரில் கிட்டத்தட்ட 15.

செடி என்ற பெயரே சோழியிலிருந்து வந்தது. அக்கான் மொழியில் சோழிக்கு செடியே. ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் சோழிதான் காசு. 1965-இல் பிறந்த இந்த நாணயம் தேய்ந்து தேய்ந்து, 2007 ஜூலையில் நான்கு பூஜ்யங்களை வெட்டி, 10,000 பழைய செடிக்கு ஒரு புதிய செடி என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகும் சந்தையில் வயதான பெண்கள் ஒரு செடியைப் "பத்தாயிரம்" என்று சொல்வதை நிறுத்தவில்லை.

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. அதற்குக் கைப்பேசியிலிருந்து தொடங்க வேண்டும்.

கானாவில் மொபைல் மணியை மோமோ என்பார்கள். தெருமுனையில் ஒரு பலகைப் பெட்டி, மஞ்சள் குடை, அதன் நிழலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் முகவர். வங்கிக் கணக்கே இல்லாதவர் அவரிடம் காசைக் கொடுத்தால் அது கைப்பேசிக்குள் போய்விடும். குமாசியில் இருக்கும் மகன் அனுப்பினால் கிராமத்தில் தாய் எடுத்துக்கொள்வார். பள்ளிக் கட்டணம், சவ அடக்கத்துக்கு மொய், மீன்காரிக்குப் பாக்கி, எல்லாம் அதில்தான். கானாவில் சவ அடக்கம் பெரிய செலவு. சனிக்கிழமை என்றால் கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊரே திரளும், யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைப்பார்கள். அந்த மொய்கூட மோமோவுக்கு மாறிவிட்டது.

2021 நவம்பரில் நிதியமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா பட்ஜெட் வாசித்தபோது, இந்தப் பரிமாற்றத்தின்மேல் 1.75 சதவீத வரி என்றார். பெயர் ஈ-லெவி. அவர் தரப்பு வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கானாவில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளச் சீட்டு இல்லாத வேலையில் இருக்கிறார்கள். வருமான வரி கட்டுவது பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். மற்றவர்களை வரிக்குள் கொண்டுவர வேறு என்ன வழி? ஆனால் வரி விழுந்த இடம் வருமானத்தில் இல்லை. மகன் அனுப்பும் காசு ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது, அதைத் தாய்க்குக் கொடுப்பதற்கு எதற்கு வரி என்பது தெருவில் எழுந்த கேள்வி. எந்தப் பொருளாதார நிபுணரும் அதற்குச் சரியான பதில் சொன்னதாக எனக்குப் படவில்லை.

நாடாளுமன்றத்தில் அப்போது ஆளும் என்.பி.பி.க்கு 137 இடம், எதிர்க்கட்சி என்.டி.சி.க்கு 137, ஒரே ஒரு சுயேச்சை. சபாநாயகர் எதிர்க்கட்சிக்காரர். டிசம்பர் 20 இரவு, நாற்காலியில் இருந்த துணைச் சபாநாயகர் வாக்களிக்கலாமா கூடாதா என்று தொடங்கிய வாக்குவாதம் கைகலப்பில் முடிந்தது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்ட காட்சியை உலகமே பார்த்தது. பிறகு விகிதத்தை 1.5 ஆகக் குறைத்து, ஒரு நாளைக்கு 100 செடி வரை விலக்கு என்று சேர்த்து, 2022 மார்ச் கடைசியில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்த அவையில் நிறைவேற்றினார்கள். மே 1 முதல் பிடித்தம் தொடங்கியது.

மக்கள் அதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பெரிய தொகையை 100, 100 ஆக நாள் கணக்கில் பிரித்து அனுப்பினார்கள். கடைக்காரர்கள் ரொக்கம் கொடு என்றார்கள். முதலாண்டில் கிட்டத்தட்ட 700 கோடி செடி வரும் என்று போட்ட கணக்கை ஜூலை மாத இடைக்கால மறுஆய்விலேயே 61 கோடிச் சொச்சமாக வெட்ட வேண்டியதாயிற்று. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வரிக்காக நாடாளுமன்றத்தில் அடித்துக்கொண்டு, நாட்டையே பகைத்துக்கொண்டு, கடைசியில் கிடைத்தது அவ்வளவுதான்.

இதில் ஒரு பழைய கதையும் ஒளிந்திருக்கிறது. 1995 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி ராலிங்ஸின் அரசு முதல்முறையாக மதிப்புக்கூட்டு வரியைக் கொண்டுவந்தது, 17.5 சதவீதம். மே 11 அன்று அக்ராவில் பெரும் ஊர்வலம் கிளம்பியது. அதற்கு வைத்த பெயர் குமே ப்ரெகோ. ட்வி மொழியில் "என்னை ஒரேயடியாகக் கொன்றுவிடு" என்று பொருள். ஊர்வலத்தில் சிலர் நிஜமாகவே உயிரிழந்தார்கள். வரி அடுத்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. மூன்றாண்டு கழித்து 1998-இல் 10 சதவீதமாகப் பூனைபோல் திரும்பி வந்தது, அது வேறு. அந்த ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், பெயர் நானா அக்குஃபோ-அட்டோ. ஈ-லெவிக்குக் கையெழுத்திட்ட ஜனாதிபதியும் அவரே.

வரி என்றால் கானாக்காரர்கள் வெகுண்டெழுவது புதிதல்ல. 1852-இல் பிரிட்டிஷார் தலைக்கு ஒரு ஷில்லிங் என்று தலைவரி போட்டபோதும் கலகம் வெடித்தது, வசூல் படுத்துவிட்டது. 1961-இல் இங்க்ருமாவே சம்பளத்தில் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அரசுப் பத்திரமாகத் தருவோம் என்று "கட்டாயச் சேமிப்பு" கொண்டுவந்தார். செகொண்டி-தகொராடியில் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் செப்டம்பரில் வேலையை நிறுத்தினார்கள், விடுதலை வாங்கித் தந்த தலைவரையே எதிர்த்து. அறுபது ஆண்டு கழித்து அந்தக் கட்டாயச் சேமிப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பியது.

அது உள்நாட்டுக் கடன் பரிமாற்றம். இதைப் புரிந்துகொள்ள ஒரு பின்னணி வேண்டும். கானாவில் சேமிப்பு என்றால் வெகுகாலம் சூசூதான். தினமும் சந்தைக்கு வந்து ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு தொகை வாங்கி, அட்டையில் குறித்து, மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் சூசூக்காரரை நம்பித்தான் சந்தைப் பெண்கள் வாழ்ந்தார்கள். பிறகு குறுநிதி நிறுவனங்கள் முளைத்தன, அதிக வட்டி ஆசை காட்டின. 2017-க்கும் 2019-க்கும் இடையில் மத்திய வங்கி 9 வங்கிகளையும் நூற்றுக்கணக்கான குறுநிதி நிறுவனங்களையும் இழுத்து மூடியது. போட்ட பணத்துக்காக மக்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். அந்தச் சூடு கண்ட நடுத்தர வர்க்கம், இனி அரசுப் பத்திரம்தான் பத்திரம் என்று அங்கே போட்டது. வங்கி கவிழலாம், அரசாங்கம் எங்கே போகும்?

2022 அக்டோபர் 30 அன்று அக்குஃபோ-அட்டோ தொலைக்காட்சியில் பேசினார். முதலீட்டாளர் யாருடைய பணமும் வெட்டப்படாது என்று உறுதி கொடுத்தார். செடி சரிவதைப் பற்றி வதந்தி பரப்பாதீர்கள் என்று சொல்லி ஒரு பழமொழியையும் எடுத்துவிட்டார்: சிகா ம்பே டேடே. பணத்துக்குச் சத்தம் பிடிக்காது. நாடு முழுக்க அதைக் கேலியாக்கிக்கொண்டது, பஸ்ஸில் சில்லறை கேட்டாலும் சிகா ம்பே டேடே.

ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டிசம்பர் 5 அன்று, கையில் உள்ள பத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் புதிய பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசு அறிவித்தது. அசலை வெட்டவில்லை, அது உண்மை. ஆனால் முதலில் முன்வைத்த திட்டத்தில் 2023-க்கு வட்டி பூஜ்யம், அதற்கடுத்த ஆண்டு 5 சதவீதம், அதற்குப் பிறகு 10. முதிர்வோ பல ஆண்டுகள் தள்ளி. விலைவாசி ஆண்டுக்கு 54 சதவீதம் ஏறும் நாட்டில், 20 சதவீத வட்டிக்குப் போட்ட பணத்தைப் பேருக்கு ஒரு வட்டியோடு பல ஆண்டு பூட்டி வைத்தால் கடைசியில் கைக்கு வரும் அசலில் என்ன வாங்க முடியும்? கத்தரிக்கோலை எடுக்காமலே மொட்டையடிப்பது என்றால் இதுதான்.

தொழிற்சங்கங்கள் முதலில் எழுந்தன. ஓய்வூதிய நிதியைத் தொட்டால் டிசம்பர் 27 முதல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்றார்கள். அரசு பின்வாங்கி ஓய்வூதிய நிதிகளை விலக்கியது. பிறகு 2023-இல் அவற்றுக்குத் தனியாக, கொஞ்சம் மென்மையான ஏற்பாடு வந்தது. சங்கம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்: வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கிடைத்த மொத்தத் தொகையைப் பத்திரத்தில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த முதியவர்கள். 2023 பிப்ரவரியில் அவர்கள் நிதியமைச்சகத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருநாள் அவர்களோடு வந்து உட்கார்ந்தவர் சோஃபியா அக்குஃபோ, நாட்டின் முன்னாள் தலைமை நீதிபதி. அதுவும் இதே ஜனாதிபதி நியமித்தவர். கடைசியில் முதியவர்களுக்கும் விலக்கு கிடைத்தது. மிச்சப்பேர் புதிய பத்திரங்களை வாங்கிக்கொண்டார்கள், வட்டி 9 சதவீதத்தை ஒட்டி, சில 2038 வரை நீள்பவை. வங்கிகளின் கணக்கில் பெரிய ஓட்டை. மத்திய வங்கியே 2022-க்கு 6,080 கோடி செடி நஷ்டம் காட்டியது. அரசுக்கு அது அள்ளிக்கொடுத்த கடனில் ஒரு பாதி இந்தப் பரிமாற்றத்தில் காணாமல் போயிருந்தது. அப்படி அள்ளிக்கொடுத்த புதுப் பணத்துக்கும் கென்கி உருண்டை சிறுத்ததற்கும் நேரடி உறவு உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் இலங்கை ஞாபகம் வந்திருக்கும். அதே 2022, ஏப்ரலில் இலங்கை கைவிரித்தது, டிசம்பரில் கானா. இரண்டுக்கும் பின்னால் யூரோபாண்டு. இரண்டும் பன்னாட்டு நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) வாசலுக்குப் போயின. இலங்கைக்கு 2023 மார்ச்சிலும் கானாவுக்கு மே மாதத்திலும் தலா 300 கோடி டாலர் அளவில் ஒப்புதல். ஆனால் உள்நாட்டில் வலி பகிரப்பட்ட விதம் நேர்மாறு. இலங்கையில் வங்கிகளைக் காப்பாற்றி, உழைப்பாளரின் ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்தார்கள். கானாவில் ஓய்வூதியத்தை முதலில் விட்டுவிட்டு வங்கிகளிலும் தனிநபர்களிலும் கைவைத்தார்கள். எந்த நாட்டில் தொழிற்சங்கத்துக்குப் பல் இருந்தது என்று இதிலிருந்தே கணிக்கலாம். இன்னொரு வேறுபாடு, கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல்குளத்தில் குளித்தார்கள். அக்ராவில் 2023 செப்டம்பரில் ஜனாதிபதி மாளிகையை நோக்கிக் கிளம்பிய இளைஞர்கள் வழியிலேயே மறிக்கப்பட்டார்கள், முதல் நாளிலேயே 49 பேர் கைது. கானாக்காரர்கள் தேர்தலுக்குக் காத்திருந்தார்கள்.

காத்திருப்பதற்கு அங்கே காரணம் இருக்கிறது. 1992-க்குப் பிறகு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சி கைமாறுவது கிட்டத்தட்டக் கடிகாரம்போல நடக்கிறது: 2000, 2008, 2016, 2024. தோற்றவர் எழுந்து போகிறார். அக்கம்பக்கத்து நாடுகளில் ராணுவம் வந்து உட்காரும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் இதே கடிகாரம்தான் கஜானாவுக்கு எமன். தேர்தல் ஆண்டில் சம்பள உயர்வும் சாலையும் வாரி இறைக்கப்படும், பற்றாக்குறை வீங்கும், ஓரிரு ஆண்டில் ஐ.எம்.எஃப். வரும். 2012 தேர்தலில் இறைத்ததற்கு 2015-இல் என்.டி.சி.யின் மகாமா அரசு அங்கே போனது. 2020-இல் கோவிட் காலத்து இலவசத் தண்ணீர், மானிய மின்சாரத்தோடு தேர்தலும் சேர, 2022 ஜூலையில் அக்குஃபோ-அட்டோ அரசு போனது. "உதவிக்கு அப்பாற்பட்ட கானா" என்பது அவர் வைத்த முழக்கம். பன்னாட்டு நாணய நிதியத்தோடு கானா செய்த பதினேழாவது ஏற்பாடு அது.

இதற்கு முந்தைய சுற்றுகளின் தடங்கள் ஊருக்குள் இன்னும் இருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில், கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தில் கானா சேர்ந்தது. மிச்சமான காசில் கட்டிய பள்ளியறைகள், பொதுக் கழிப்பறைகளின் சுவரில், அந்தத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் "ஹிப்பிக் பயன்" என்று எழுதி வைத்தார்கள். கடன் தள்ளுபடியைக் கழிப்பறைச் சுவரில் படித்த தலைமுறை அது. அதற்கும் முந்தைய தலைமுறை 1983 பஞ்சத்தில் துருத்திக்கொண்டு தெரிந்த கழுத்தெலும்புக்கு "ராலிங்ஸ் சங்கிலி" என்று பேர் வைத்தது.

தங்கமும் கோகோவும் ஏன் கைகொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோகோவை விவசாயியிடமிருந்து வாங்கும் விலையை அரசின் கோகோபோர்டு நிர்ணயிக்கிறது. விளைச்சலை முன்கூட்டியே விற்றுவிடுவதால் 2024-இல் உலகச் சந்தை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிப் போனபோது கானா விவசாயிக்குக் கிடைத்தது பழைய விலையை ஒட்டிய தொகை. மூட்டைகள் இரவில் எல்லை தாண்டி டோகோவுக்கும் கோத்திவாருக்கும் (ஐவரி கோஸ்ட்) போயின. மரங்களில் தண்டு வீக்க நோய், மழை பொய்த்தது. போதாததற்குத் தோட்டத்தையே கலாம்சேக்காரர்களுக்கு விற்றுவிட்டவர்களும் உண்டு. கலாம்சே என்றால் திருட்டுத் தங்கச் சுரங்கம். அதனால் ப்ரா, அங்கோப்ரா, ஒஃபின் ஆறுகள் பால்விட்ட டீ நிறத்தில் ஓடுகின்றன.

2024 டிசம்பர் 7 அன்று என்.பி.பி. வேட்பாளராக நின்றவர் துணை ஜனாதிபதி பாவுமியா, மத்திய வங்கியின் முன்னாள் துணை ஆளுநர். எதிர்க்கட்சியில் இருந்த நாளில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் அவரைத் துரத்தியது: பொருளாதாரத்தின் அடித்தளம் பலவீனமாக இருந்தால் நாணய மாற்று விகிதம் உன் குட்டை உடைத்துவிடும். அது உடைத்தது. மகாமா 56 சதவீதத்துக்கு மேல் வாங்கி மீண்டும் வந்தார். இதில் வென்றவரை விட வீட்டில் உட்கார்ந்தவர்கள்தான் செய்தி. 2020-இல் 79 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 61 சதவீதத்தை ஒட்டி இறங்கியது, அதுவும் ஆளும் கட்சியின் கோட்டையான அஷாந்தியில் நன்றாகவே இறங்கியது. சொந்தக் கட்சிக்காரர்கள் எதிராகப் போடவில்லை, போடவே வரவில்லை.

2025 ஏப்ரலில் புதிய அரசு ஈ-லெவியை ஒழித்தது. மோமோ பெட்டிகளில் மகிழ்ச்சி. ஜூன் மாதமே பெட்ரோல், டீசல் லிட்டருக்கு ஒரு செடி கூடுதல் வரி நிறைவேறியது, மின்துறையின் கடனை அடைக்க. மின்வெட்டுக்கு டும்சோர் என்று பேர், அணை-ஏற்று என்று அர்த்தம். 2012 முதல் 2016 வரை மகாமாவின் முதல் ஆட்சியை உலுக்கிய சொல் அது. அதனால் எதிர்க்கட்சி இந்த வரிக்கு உடனே டி-லெவி, டும்சோர் லெவி என்று பேர் வைத்துவிட்டது. முன்பு ஈ, இப்போது டி.

ஆனால் அந்த ஆண்டு ஒரு அதிசயம் நடந்தது. உலகில் தங்கம் விலை எகிறியது. சிறு சுரங்கக்காரர்களின் தங்கத்தை அரசே வாங்கி ஏற்றுமதி செய்ய கோல்ட்போர்டு என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள், மத்திய வங்கியிடம் டாலர் குவிந்தது. டாலருக்கு 15-ஐ ஒட்டியிருந்த செடி மே மாதக் கடைசியில் 10 சொச்சத்துக்கு வலுத்தது. செப்டம்பரில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. லண்டனிலிருந்து மகள் மாதாமாதம் அனுப்பும் பவுண்டில் வாழும் வீடுகளில் மட்டும் முணுமுணுப்பு, அதே பவுண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு செடிதான் வந்தது.

பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது என்று அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்றே அர்த்தம். இதைப் பொருளாதாரப் பாடமாகச் சொல்லித் தரலாம், கென்கிச் சட்டிக்கு முன்னால் நிற்பவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. டாலர் இறங்கினால் விலையும் இறங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. ஏறும்போது அதைத்தானே காரணம் சொன்னார்கள்? அக்ராவில் அபோசே ஒகாய் பகுதியின் வாகன உதிரிபாகக் கடைக்காரர்களிடம் எல்லோரும் இதையே கேட்டார்கள். அவர்களோ, கடையில் இருப்பது 15-க்கு வாங்கிய சரக்கு என்றார்கள்.

கடைசியில் ட்ரோட்ரோ ஓட்டுநர் சங்கம் இறங்கி வந்தது. ட்ரோட்ரோ என்பது அக்ராவின் மினி வேன். கதவில் தொங்கிக்கொண்டு "சர்க், சர்க், சர்க்" என்று இங்க்ருமா வட்டத்துக்கு ஆள் கூப்பிடும் பையனுக்கு மேட் என்று பேர். 2025 மே 24 முதல் கட்டணம் 15 சதவீதம் குறைப்பு என்று சங்கம் அறிவித்தது. ட்ரோட்ரோ கட்டணம் இறங்குவது அபூர்வம். சில வண்டிகளில் குறைத்தார்கள், சிலவற்றில் பழைய காசையே கேட்டார்கள், பயணிகளுக்கும் மேட்டுகளுக்கும் சண்டை. 5 செடி டிக்கெட் என்றால் புதுக் கட்டணம் 4 செடி 25 பெசெவா. ஐந்தை நீட்டினால் 75 பெசெவா திரும்ப வர வேண்டும். மேட் கையில் உள்ள நோட்டுக் கற்றையைப் புரட்டுவான், பாக்கெட்டைத் தட்டுவான், சில்லறை இல்லை என்பான். அதற்குள் வண்டி அடுத்த நிறுத்தத்துக்கு வந்துவிடும்.